அழுத்தக் கலமும் புகையடுப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்ஸஸ் மாகாணத்தில், நகரத்து எரிவாயுக் குழாய்கள் எட்டாத கிராமப்புறங்களின் வழியே செல்வோர், வீடுகளின் கொல்லைப்புறத்தில், வெயிலின் உஷ்ணத்தை விலக்கும்பொருட்டு வெண்ணிறச் சாயம் பூசப்பெற்று, குட்டையான இரும்புக் கால்களின்மேல் கிடைமட்டமாக அமர்ந்திருக்கும் நீண்ட உருளைத் தொட்டிகளை அடிக்கடி காண்பர். அடுப்புக்கும் குளிர்காலத்துக் கணப்புக்கும் வேண்டிய புரொப்பேன் என்னும் வாயு, அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டு அவற்றில் சேமிக்கப்படுகிறது. பல்லாண்டு உழைத்தபின் பணியிலிருந்து விலக்கப்பட்ட தொட்டிகளில் சில, பழைய இரும்புக் கடையோடு தம் சரித்திரத்தை முடித்துக்கொள்வதில்லை. வெல்டிங் பட்டறைக்குள் புகுந்து, கதவும் நெருப்பறையும் புகைபோக்கியும் பெற்று, மாம்சத்தை மிதமான உஷ்ணத்திலும் மெல்லிய புகையிலும் மணிக்கணக்காகப் பக்குவப்படுத்தும் ஸ்மோக்கர் என்னும் புகையடுப்பாக வெளிவருகின்றன.

இந்த மாற்றத்தில், பௌதிக சாஸ்திரத்தில் ருசியுள்ளவர்கள் நின்று கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. புரொப்பேன், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், சுழிக்குக் கீழே 42 பாகை செல்ஸியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும் சுபாவமுடையது. ஆகவே டெக்ஸஸ் கோடையில் வெளிக்காற்று 38 பாகையைத் தொடும் நாளில், தொட்டிக்குள் அடைபட்ட திரவத்தின்மேல் நிற்கும் வாயுவின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 13 மடங்காகிவிடுகிறது. அத்தகைய பலத்தைத் தாங்குவதற்கென்றே வளைத்துப் பற்றவைக்கப்பட்ட உருக்குக் கலம், புகையடுப்பாக மாறியபின், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரத்தில் ஒரு பங்கேயான, நம் புலன்களுக்கு எட்டாத, மிக நுண்ணிய அழுத்த வேறுபாடு ஒன்றைக்கொண்டே தன் வேலை முழுவதையும் செய்கிறது. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தாரதம்மியம் ஐந்து லட்சம் மடங்கு. பெரும் பலத்தை அடக்கிவைத்த கலத்தை மெல்லிய காற்றோட்டத்தைப் பேணும் சாதனமாக மாற்றும் இக்கலையில் தேர்ந்த பட்டறைக்காரர்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, உஷ்ணவியலையும் திரவவியலையும் நன்கு பிரயோகிப்பவர்கள் என்பது என் திடமான எண்ணம்.

இக்கலை டெக்ஸஸில் செழித்ததற்குக் காரணங்கள் உண்டு. தென் மாகாணங்களில் நிலத்தில் நீண்ட குழிகள் வெட்டி, அவற்றில் கட்டையை எரித்துத் தணலாக்கி, முழு விலங்குகளை இரவெல்லாம் வாட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அந்த உழைப்பையும் அதற்குரிய நுட்பத்தையும் பெரும்பாலும் சுமந்தவர்கள், அடிமைத்தளையில் இருந்த ஆப்பிரிக்க வமிசத்தினரும் அவர்களுடைய சந்ததியாருமே என்பதை மறந்து இவ்விஷயத்தை எழுதுவது நியாயமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய டெக்ஸஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் நாட்டவரும் தம் இறைச்சிக் கடைகளில், விற்று எஞ்சிய மாம்சத்தைப் புகையூட்டி விற்கத் தொடங்கினர். லாக்ஹார்ட் என்னும் சிற்றூரில் 1900ஆம் ஆண்டு தோன்றிய கிராய்ட்ஸ் மார்க்கெட் என்ற கடையின் பழைய கட்டடத்தில், நீண்ட செங்கல் அடுப்பின் ஒரு முனையில் தரைமேல் கட்டைகள் எரிய, அதன் உஷ்ணமும் புகையும் மாம்சத்தின் கீழே கிடையாக ஓடி மறுமுனையிலுள்ள புகைபோக்கி வழியே மேலேறும் அமைப்பை இன்றும் காணலாம். நெருப்பு ஓரிடம், மாம்சம் ஓரிடம் என்ற இந்தத் தத்துவமே பின்னர் உருக்கில் வார்த்தெடுத்தாற்போல் வந்தது. 1901ஆம் ஆண்டு ஜனவரியில் பியூமாண்ட் நகருக்கருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டெழுந்தது முதலாக, குழாய்களையும் கலங்களையும் அறுத்து ஒட்டும் தொழிலாளர் கூட்டம் அம்மாகாணத்தில் பெருகிற்று. எண்ணெய் வயலில் உதவாமற்போன குழாயும், கொல்லையில் உதவாமற்போன புரொப்பேன் தொட்டியும் அவர்கள் கைக்கு எளிதில் கிட்டின. நம் காலத்தில், ஆஸ்டின் நகரில் 2009ஆம் ஆண்டு சிறு வண்டிக் கடையாகத் தொழிலைத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற ஆரன் ஃபிராங்க்ளின் என்பவரின் புகையடுப்புகள் இத்தகைய தொட்டிகளிலிருந்து அவர் கைப்படச் செய்தவையே. 2015இல் வெளிவந்த தம் நூலில், இவ்வடுப்பைச் செய்யும் முறைக்கு அவர் விரிவாக இடம் கொடுத்திருக்கிறார்.

தொட்டியை அறுக்கும் முன்னர்ச் செய்யவேண்டியவற்றை நான் சற்று விஸ்தாரமாகவே கூற விரும்புகிறேன்; ஏனெனில் இத்தொழிலில் உயிருக்கு அபாயம் விளைவது இந்த ஒரு கட்டத்தில்தான். காலித் தொட்டி என்று நாம் சொல்வது உண்மையில் காலியானதன்று. அழுத்தம் முழுவதும் வெளியேறிய பின்னும், கலத்தினுள் வெளிக்காற்றுக்குச் சமமான அழுத்தத்தில் புரொப்பேன் வாயு நிறைந்தே இருக்கும். அது காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமுடையதாதலால், மேலேயுள்ள துவாரத்தைத் திறந்துவைத்த மாத்திரத்தில் தானே எழுந்து போய்விடாது. காற்றோடு நூற்றுக்கு ஏறத்தாழ 2.1 பங்கிலிருந்து 9.5 பங்கு வரை புரொப்பேன் கலந்திருந்தால், அக்கலவை ஒரு பொறியில் வெடிக்கும். அதற்குக் குறைந்தால் எரிபொருள் போதாது; மிகுந்தால் பிராணவாயு போதாது. மூடிய தொட்டியில் வாயு மிகுந்திருப்பதால் எரியாது. திறந்தபின் காற்று சிறிதுசிறிதாகப் புக, அந்தக் கலவை, வெடிக்கும் எல்லைக்குள் ஏதேனும் ஒரு நேரத்தில் வந்தே தீரும். மேலும் ஒரு பங்கு திரவ புரொப்பேன் ஆவியாகும்போது ஏறத்தாழ 270 பங்கு வாயுவாக விரிகிறது. 500 காலன் தொட்டி ஒன்றின் கொள்ளளவு 1,890 லிட்டர்; அதன் அடியில் ஒரு குவளை, அதாவது 200 மில்லிலிட்டர் திரவம் மட்டுமே தங்கியிருந்தது என்று கொண்டால், அது 54 லிட்டர் வாயுவாகி, தொட்டி முழுவதையும் நூற்றுக்கு 2.9 பங்கு கலவையாக்கிவிடும். வெடிப்பதற்கு அதுவே தாராளமாகப் போதும்.

புரொப்பேனுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை மூக்கு உணரவேண்டும் என்பதற்காக, அழுகிய வெங்காயம்போல் நாறும் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை அதில் மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். இவ்வழக்கம் பரவியதற்கும் டெக்ஸஸ் மாகாணத்துக்கும் ஒரு சோக சம்பந்தம் உண்டு. 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், மணமற்ற இயற்கை வாயு கட்டடத்தின் அடியில் யாரும் அறியாமல் கசிந்து தேங்கி வெடித்ததில், ஏறத்தாழ 300 குழந்தைகளும் ஆசிரியர்களும் மாண்டனர். அதன்பின்னரே அம்மாகாணம் எரிவாயுவுக்கு நாற்றமூட்டுவதைச் சட்டமாக்கிற்று. தொட்டியின் உட்சுவரில் படிந்த துருவும் அடியில் தேங்கிய எண்ணெய்ப் பசையும் இந்த நாற்றப் பொருளையும் சிறிது புரொப்பேனையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சூடுபட்டபோது மெல்ல விடுவிக்கும் தன்மையுடையவை. எனவே, முகர்ந்து பார்த்து நாற்றம் போய்விட்டது என்று நம்புவதும், சில நாள் திறந்துவைத்தேன் என்று தைரியம் கொள்வதும் பிழை.

அனுபவசாலிகள் கையாளும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. எஞ்சிய வாயுவை, அத்தொழிலுக்கு உரிமம் பெற்றவரைக்கொண்டு வெளியேற்றச் செய்து, திறந்த வெளியில், அருகில் நெருப்பேதும் இல்லாத இடத்தில், பொறி பறக்காத கருவிகளால் வால்வைக் கழற்றி, தொட்டியை வாய் வரை தண்ணீரால் நிரப்பிவிடுகிறார்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் வாயுவுக்கு இடமில்லை என்ற மிகச் சாமான்யமான உண்மையே இங்கு உயிர்காக்கும் உபாயம். சவர்க்கார நீரால் பலமுறை அலம்பி, மீண்டும் நிரப்பி, முதல் அறுப்பைத் தண்ணீர் உள்ளே இருக்கும்போதே மேற்புறத்தில் தொடங்குவோர் பலர். பித்தளை வால்வில் நீலமோ நீலப்பச்சையோ படர்ந்திருக்குமாயின், அத்தொட்டி ஒரு காலத்தில் அமோனியா அடைக்கப் பயன்பட்டதற்கு அது அடையாளம். அதைத் தீண்டாமல் விடுவதே நலம். துத்தநாகம் பூசிய தகட்டையும் இவ்வடுப்பில் எங்கும் சேர்க்கலாகாது. வெல்டிங்கின் கடுஞ்சூட்டில் துத்தநாகம் ஆவியாகி, அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலை உண்டாக்கும். நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நம் சமையலறையிலுள்ள எரிவாயு சிலிண்டர்கள் எண்ணெய் நிறுவனங்களுக்கு உரிமையானவை, நாம் கட்டியிருப்பது வைப்புத்தொகை மட்டுமே, அவற்றை அறுக்கும் எண்ணம் எவ்வகையிலும் தகாது.

இனி, தொட்டியின் வடிவத்தைப் பார்ப்போம். ஒரு கலத்தினுள் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகத் தள்ளுமாதலால், தட்டையான சுவர்கள் வெளிப்புறமாகப் புடைக்க முயலும். வளைந்த சுவரோ அந்தத் தள்ளலைத் தன் தகட்டின் வழியே இழுவிசையாகப் பகிர்ந்துகொள்ளும். உருளையின் சுற்றுவட்டத்தில் எழும் இழுவிசை நீளவாட்டில் எழுவதைப்போல் இரு மடங்கு. அரைக்கோள முனைகளில் அது பாதியாகிவிடும். தொட்டியின் இரு முனைகளும் குவிமாடங்களாக இருப்பதற்கு இதுவே காரணம். 500 காலன் தொட்டி ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 37 அங்குல விட்டமும், கால் அங்குலத்தை ஒட்டிய கனமும், 430 கிலோகிராம் எடையும் உடையது. அழுத்தத்துக்காகக் கொடுத்த இந்த வடிவம் புகைக்கும் உகந்ததாக அமைவது ஒரு பாக்கியம். சதுரப் பெட்டியின் மூலைகளில் காற்று சுழன்று தேங்கிப் பழம்புகையாகிக் கசப்பேறும். குவிந்த முனையிலோ அது தங்குவதற்கு மூலையே கிடையாது, வளைவைத் தழுவியபடி புகைபோக்கியை நோக்கித் திரும்பிவிடுகிறது.

கதவு அறுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தட்டையான தகட்டைப் பலவந்தமாக வளைத்து உருளையாக்கியபோது அதற்குள் அடங்கிய தகைவுகள், பல ஆண்டுகள் கழிந்தபின்னும் அப்படியே உறங்கிக் கிடக்கின்றன. செவ்வகமாக ஒரு துண்டை அறுத்தெடுத்த கணத்தில் அவை விழித்துக்கொள்ள, துண்டு சிறிது விரிந்து, தான் பிறந்த துவாரத்திலேயே மீண்டும் பொருந்த மறுக்கிறது. ஆதலால் கைதேர்ந்தவர்கள் நான்கு பக்கத்தையும் ஒருசேர அறுப்பதில்லை. மேல்விளிம்பை மட்டும் முதலில் அறுத்து, கீல்களை அங்கேயே பற்றவைத்து உறுதி செய்தபின்னரே, மற்ற மூன்று பக்கங்களை அறுத்துக் கதவை விடுவிக்கிறார்கள். பின்னர்க் கதவின் விளிம்பைச் சுற்றிலும் மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றை ஒட்டி, அறுப்பினால் உண்டான இடைவெளியை மூடிவிடுகிறார்கள். உருக்கு 100 பாகை சூடேறினால், 3 மீட்டர் நீளத்துக்கு 3.6 மில்லிமீட்டர் வரை நீளும். கதவை மயிரிழை இடைவெளியும் இல்லாமல் இறுக்கமாகச் செய்தவன், அடுப்பு சூடேறியபின் அதைத் திறக்க முடியாமல் திண்டாடுவான்.

உருளையின் ஒரு முனையில், சற்றுத் தாழ்வாக, நெருப்பறையைப் பொருத்துகிறார்கள். அதன் கன அளவு, மாம்சம் வைக்கும் பாக அறையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்காக இருக்கவேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கிவரும் பிரமாணம். மறுமுனையில் புகைபோக்கி. இவ்விரண்டுக்கும் நடுவே நிகழும் காற்றோட்டத்திலேதான் இந்த யந்திரத்தின் உயிர் இருக்கிறது. இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 30 பாகையிலுள்ள வெளிக்காற்று ஒரு கன மீட்டருக்கு 1.16 கிலோகிராம் எடையுள்ளது. 120 பாகைக்குச் சூடேறிய காற்று விரிந்து இலேசாகி 0.90 கிலோகிராம் எடையே இருக்கும். ஒரு மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியினுள் நிற்கும் காற்றுத் தம்பம், அதற்கு வெளியே அதே உயரத்தில் நிற்கும் காற்றுத் தம்பத்தைவிட இந்த அளவுக்குக் கனம் குறைந்திருப்பதால், அடியில் உண்டாகும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 2.6 பாஸ்கல். தண்ணீரின் உயரமாகக் கூறினால், கால் மில்லிமீட்டர். இவ்வளவு அற்பமான வேறுபாடே நெருப்பறையின் வாயிலில் புதுக்காற்றை இழுத்து, கட்டையை எரித்து, உஷ்ணத்தையும் புகையையும் 3 மீட்டர் தூரம் மாம்சத்தின்மேல் நடத்திச் சென்று வெளியேற்றுகிறது. பலம் சிறிதாகையால் தடையும் சிறிதாக இருந்தாகவேண்டும். நெருப்பறைக்கும் பாக அறைக்கும் இடையிலுள்ள துவாரம் குறுகினாலோ, புகைபோக்கி ஒடுங்கினாலோ, வழியில் கூரிய திருப்பங்கள் நேர்ந்தாலோ, அந்த 2.6 பாஸ்கல் அங்கேயே செலவாகிவிட, நெருப்பு மூச்சுத்திணறும்.

புகைபோக்கியை உயர்த்தினால் இழுப்பு பெருகும் என்பது இதிலிருந்து விளங்கும். ஆனால் அதை உருளையின் உச்சியில் வைத்தால், சூடான காற்று மேற்கூரையை ஒட்டியே ஓடி, கம்பித் தட்டின்மேல் இருக்கும் மாம்சத்தைத் தொடாமலே வெளியேறிவிடும். எனவே புகைபோக்கியின் வாயைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கி, காற்று கீழ்நோக்கி வளைந்து மாம்சத்தைத் தழுவிய பின்பே மேலேறும்படி செய்கிறார்கள். பாக அறையின் நெடுக ஓர் இரும்புத் தகட்டைப் பரப்பி, புகை அதன் அடியில் மறுமுனை வரை சென்று திரும்பி, நெருப்பறையின் பக்கத்திலேயே உள்ள புகைபோக்கிக்கு வரச்செய்யும் எதிரோட்ட அமைப்பு ஒன்றும் உண்டு. அறை முழுவதும் உஷ்ணம் சமமாகப் பரவுவது அதன் குணம். ஆயினும் ஓட்டத்தின் பாதை இரட்டிப்பாகித் தடையும் பெருகுவதால், நேரோட்டமே மேல் என்பது என் கட்சி.

இழுப்பு நன்றாயிருக்கவேண்டும் என்று இவ்வளவு தூரம் வற்புறுத்துவது புகையின் குணத்தை உத்தேசித்தே. கட்டை எரிகிறது என்று நாம் சொன்னாலும், முதலில் எரிவது கட்டையன்று; உஷ்ணத்தினால் சிதைந்த கட்டையிலிருந்து வெளிப்படும் வாயுக்களே எரிகின்றன. மரத்தின் பாகங்களுள் ஹெமிசெல்லுலோஸ் 200 பாகைக்குமேல் சிதையத் தொடங்க, செல்லுலோஸ் 300 பாகைக்குமேல் சிதைய, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் அதற்கும் மேலே நெடுந்தூரம் தாக்குப்பிடித்து மெல்லச் சிதைகிறது. லிக்னினிலிருந்து பிறக்கும் குவயகால், சிரிங்கால் என்ற பீனால் வகைச் சேர்மங்களே புகைக்குரிய மணத்தையும் சுவையையும் பெரும்பாலும் தருகின்றன. செல்லுலோஸ் வகைகள் இனிய வாசனையையும் மாம்சத்தின் புறத்தே படியும் பழுப்பு நிறத்தையும் உதவுகின்றன. காற்று தாராளமாகக் கிடைத்தால், சிதைந்த வாயுக்களில் கரடுமுரடானவை சுவாலையிலேயே எரிந்துபோய், மென்மையானவையே மிஞ்சும். காற்று குறைந்தாலோ, எரியாத தார்த் துளிகள் பெருகி, வெண்மையான அடர்புகையாகத் திரண்டு, மாம்சத்தின்மேல் நாவை உறுத்தும் கசப்பாகப் படியும்.

நற்புகையை அதன் நிறத்தால் அறியலாம். எரிந்து தெளிந்த புகையின் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாதலால், அவை நீலக்கதிர்களையே அதிகமாகச் சிதறவைக்கின்றன. ஆகாயம் நீலமாகத் தோன்றுவதற்கு 1871இல் ரேலி பிரபு கூறிய காரணம் இதுவே. பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் ஒருங்கே சிதறவைப்பதால் வெண்புகை வெண்மையாகிறது. ஆகவே, புகைபோக்கியின் நுனியில் மெல்லிய நீலம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் அடுப்புக்காரர் ஓர் ஒளியியல் பரிசோதனையைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார். உஷ்ணம் மிகுந்தால் காற்றுவாயிலை அடைத்து நெருப்பை அடக்குவது புதியவரின் முறை. புகைபோக்கியைத் திறந்தபடியே விட்டு, சிறிய கட்டைகளைச் சிறிய இடைவெளிகளில் இட்டு, நெருப்பைச் சிறிதாகவும் தூய்மையாகவும் வைத்துக்கொள்வது தேர்ந்தவரின் முறை.

மத்திய டெக்ஸஸில் இதற்குப் போஸ்ட் ஓக் என்னும் மரமே உகந்தது. அங்கே அது எளிதில் கிடைப்பதோடு, அளவான சூட்டையும் சாந்தமான மணத்தையும் தருகிறது. மேற்கே வறண்ட நிலத்தில் மெஸ்கீட் மரத்தை எரிக்கிறார்கள். இம்மரம், நம் ராமநாதபுரத்துக் கரம்பைகளில் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவினம். கடும் சூடும் காரமான புகையும் அதன் இயல்பு. எந்த மரமாயினும், வெட்டிப் பல மாதங்கள் உலர்த்தி, ஈரம் நூற்றுக்கு 20 பங்கை ஒட்டி வந்திருக்கவேண்டும். பச்சைக் கட்டை தன் உஷ்ணத்தில் ஒரு பகுதியைத் தன் நீரை ஆவியாக்குவதிலேயே செலவழித்துவிடும்.

தொட்டியின் கனமான உருக்கு, உஷ்ணத்தைச் சீராக்கும் பண்டசாலையாகவும் உதவுகிறது. 430 கிலோகிராம் உருக்கை 30 பாகையிலிருந்து 120 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 19,000 கிலோஜூல் வேண்டும். உலர்ந்த கட்டை ஒரு கிலோவுக்கு 15,000 கிலோஜூல் வரை தரும். அதாவது ஒன்றேகால் கிலோ கட்டையின் உஷ்ணம் முழுவதும் இரும்புக்கே போகிறது. அப்படிச் சேமித்த உஷ்ணம், கதவைத் திறந்து மூடும்போதும், ஒரு கட்டை எரிந்து தீர்ந்து மறு கட்டை பற்றும் வரையிலும், உள்ளே சூடு சரிந்துவிடாமல் காக்கிறது. ஆனால் போர்வையில்லாத இரும்பு வெளியிலும் தாராளமாக உஷ்ணத்தை இறைக்கும். 9 சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஏறத்தாழ 10 கிலோவாட் இவ்வாறு போவதாக நான் கணக்கிடுகிறேன். இதை ஈடுசெய்வதற்கு மட்டுமே மணிக்கு இரண்டரைக் கிலோ கட்டை வேண்டும். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் இச்செலவு இன்னும் ஏறும். சிலர் நெருப்பறைக்கு இரட்டைச் சுவரமைத்து இடையில் வெப்பங்கடத்தாப் பொருளை அடைப்பது இதனால்தான்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்காக? டெக்ஸஸ் மக்கள் பெரிதும் போற்றும் பிரிஸ்கெட், மாட்டின் நெஞ்சுப் பகுதி. விலங்கின் பாரத்தை நாள்தோறும் தாங்கிய தசையாதலால், கொல்லாஜன் என்ற இணைப்புப் புரதம் அதில் மிகுந்து, விரைவாகச் சமைத்தால் தோலைப்போல் கடினமாயிருக்கும். கொல்லாஜனின் அமைப்பு மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட வடிவம் என்பதை 1954இல் உலகுக்கு அறிவித்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். டெக்ஸஸ் அடுப்பில் இராமுழுவதும் நிகழும் ரசவாதத்துக்கான திறவுகோல் சென்னையில் கிடைத்தது என்பதை எண்ண எனக்கு மகிழ்ச்சியாயிருக்கிறது. 60 பாகைக்குமேல் அம்முறுக்கு நெகிழத் தொடங்கி, ஈரமும் உஷ்ணமும் மணிக்கணக்காக நீடித்தால், இழைகள் பிரிந்து ஜெலட்டினாகக் கரைந்து, கடினமான தசையை மென்மையாக்குகின்றன. இதற்கு அவசரம் உதவாது. அறையில் 120 முதல் 135 பாகை, மாம்சத்தின் நடுவே கடைசியில் 95 பாகை, இடையில் பன்னிரண்டு மணி நேரம் அல்லது அதற்கும் மேல்.

நடுவில் ஒரு விசித்திரம் நேரும். மாம்சத்தின் உட்சூடு 65 பாகையை நெருங்கியதும் ஏறுவதை நிறுத்திவிட்டு, பல மணி நேரம் அசையாமல் நிற்கும். நெருப்பு குறைந்துவிட்டதென்று மயங்கிக் கட்டையை அள்ளிப்போட்டுக் காரியத்தைக் கெடுத்தவர்கள் அநேகர். கொல்லாஜன் உருகுவதே உஷ்ணத்தை விழுங்குகிறது என்று சிலரும், கொழுப்பு உருகுவதே காரணம் என்று சிலரும் கூறிவந்தனர். கிரெக் பிளாண்டர் என்ற பௌதிக நிபுணர், பரிசோதனைகளின் மூலம் உண்மையைத் தெளிவுபடுத்தினார்: மாம்சத்தின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது, கிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,300 ஜூல் உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது; நெருப்பு தருவதும் ஆவி பறிப்பதும் சமமாகும் வரை சூடு ஏறி, அங்கே நின்றுவிடுகிறது. நம் மண்பானை கோடையில் தண்ணீரைக் குளிர்விப்பதும் இதே நியதியால்தான். புறப்பரப்பு உலர்ந்தபின் சூடு மீண்டும் ஏறும். காத்திருக்க மனமில்லாதவர் மாம்சத்தைத் தடித்த காகிதத்தில் சுற்றி, ஆவியைத் தடுத்து, இந்நிலையைக் குறுக்கிவிடுகின்றனர்.

அறுத்த துண்டில், விளிம்பை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்குள், ரோஜா நிறமான வளையம் ஒன்று காணப்படும். புகை ஊறிய அடையாளம் என்று பலர் கருதினாலும், புகையின் மணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுவாலையில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுக்கள், ஈரமான பரப்பில் கரைந்து உட்புகுந்து, தசையின் செந்நிறப் பொருளான மையோகுளோபினைப் பற்றிக்கொண்டு, அது சூட்டினால் பழுப்பாவதைத் தடுப்பதால் உண்டாவது அது. இங்கே சுகாதாரத்தைப் பற்றியும் சொல்லாமல் விடுவது தகாது. புகையிலுள்ள சில பலவளையச் சேர்மங்கள் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய மாம்சத்தை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் 2015இல் சேர்த்தது. கொழுப்பு தணலில் சொட்டி எரியும்போது இச்சேர்மங்கள் மிகுதியாகத் தோன்றும். நெருப்பைத் தனியறையில் ஒதுக்கிய இவ்வடுப்பில் கொழுப்பு நெருப்பைத் தொடாததும், தூய எரிப்பில் தார் குறைவதும் ஓரளவு நன்மையே எனினும், நித்திய ஆகாரமாகக் கொள்ளத்தக்கதன்று என்பதே என் கருத்து.

செய்து முடித்த அடுப்பில் உடனே சமைப்பதில்லை. முதலில் பெருநெருப்பு மூட்டி, எண்ணெய்ப் பசையும் சாயமும் எரிந்துபோகச் செய்கிறார்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், அதை முன்னரே சுரண்டி நீக்கிவிடுவது உத்தமம். பிறகு உட்புறத்தில் தாவர எண்ணெயைப் பூசி மிதமாகச் சூடேற்ற, அது கெட்டிப்பட்டு, துருவைத் தடுக்கும் கருநிறப் படலமாகிறது. பின்னர் ஒவ்வொரு சமையலும் அப்படலத்தை வளர்க்கும். அடியில் தேங்கும் கொழுப்பு வடிவதற்கு ஒரு குழாய் வைத்து, தொட்டியை அதன் பக்கமாகச் சற்றுச் சாய்த்து நிறுத்துகிறார்கள். இல்லாவிடில் தேங்கிய கொழுப்பே ஒருநாள் தீப்பற்றும். அடுப்பின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் சாம்பல். மரச்சாம்பலிலுள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்த்து, மழைநீர் பட்டால் கரைந்து, நெருப்பறையின் அடித்தகட்டை எந்நேரமும் நனைத்தே வைத்திருப்பதால், அங்கே துரு நிற்காமல் அரிக்கும். சாம்பலை ஆறியவுடன் வாரிவிடுபவரின் நெருப்பறை நெடுநாள் உழைக்கும். அப்படியும் கடுஞ்சூட்டில் நாளடைவில் தகடு செதிலெடுத்து மெலியும்போது, நெருப்பறையை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, புதியதொன்றை அதே துவாரத்தில் பற்றவைத்துக்கொள்கிறார்கள். 135 பாகைக்குமேல் அதிகம் காணாத பழைய தொட்டிக்கு அநேகமாக ஒன்றும் நேர்ந்திருப்பதில்லை.